மாதிரி வாக்குச்சீட்டு

அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை, முடியாது என்று சொல்லிவிடலாம், அதற்கு மூன்று விதமான வாக்கியங்கள் தயாராக வைத்திருக்கிறேன், மூன்றும் மரியாதையான வாக்கியங்கள். ஆனால் குருவையா கேட்கமாட்டேன் என்கிறார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, சுருட்டிய செய்தித்தாளால் முதுகைச் சொறிந்துகொண்டு, "ஃபேன் காத்து வருதா சார், இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க" என்கிறார். காற்று வருகிறது. வந்தும் வியர்க்கிறது. மணி ஒன்று இருபத்தைந்து, பஸ் இரண்டே காலுக்கு. பஸ் நிறுத்தத்தில் நிழல் கிடையாது, ஒரு வேப்பங்கன்றும் அதைச் சுற்றி முள்ளும்தான், அங்கே வெயிலில் நின்றுகொண்டிருந்த என்னை இவர்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்தார். நெடுங்கரைப்பட்டியில் குடைச் சின்னக் கட்சிக்கு இவர்தான் கிளைச் செயலாளர். ஊரில் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் முதல் போன் இவருக்குத்தான். காலடியில் என் பை, மடியில் பெட்டி. ஷூ வாங்கிய அட்டைப்பெட்டிதான், பழுப்புத் தாள் ஒட்டி, மூடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் "இரகசியம்" என்று நானே எழுதினேன். உள்ளங்கை வியர்வையில் தாள் நைந்துபோய், விரல் படும் இடத்தில் ஷூ கம்பெனியின் சிவப்பு எழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது. மேஜைமேல் வைத்துவிடலாம். மேஜை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வைத்தால் அவர் பெட்டியைப் பார்ப்பார். வைக்காவிட்டால் நான் அதை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். இரண்டில் எது மோசம் என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருக்கிறேன்.

ஒன்றுமில்லை, வெறும் ஆராய்ச்சிதான். இதையேதான் மூன்று நாளாக இருபத்துநாலு வாசலில் நின்று சொன்னேன். நான் நீலமேகம், காலேஜில் கௌரவ விரிவுரையாளர், கௌரவம் பெயரில் இருப்பதோடு சரி. மக்கள் எதை நினைத்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஐந்து வருடமாக ஆய்வேடு எழுதுகிறேன். போன வாரம் ஓட்டுப்பதிவு முடிந்தது, எண்ணுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, இந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு. வாக்காளர் பட்டியலில் முப்பதுக்கு ஒரு பெயராக எண்ணி எடுத்து, அந்த வீட்டைத் தேடிப் போய், நாற்பது கேள்வி கேட்டு, கடைசியில் ஒரு மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, "அன்னிக்கு நிஜமா எதுல போட்டீங்களோ அதுலயே இதுலயும் ஒரு டிக் போட்டு, மடிச்சு, நீங்களே பெட்டிக்குள்ள போட்டுருங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்பேன். நிஜமாகவே திரும்பிக்கொள்வேன். மூன்று நாளில் இருபத்துநாலு சுவர் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டில் சுண்ணாம்பு உதிர்கிறது, எந்த வீட்டில் செத்தவர் படத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள், எல்லாம் சொல்வேன். திரும்பிக்கொண்டதில் ஒரு குறையும் கிடையாது. குறை சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. வலது மூலையில், பென்சிலால், கடுகளவுக்கு ஓர் எண். அதே எண் கேள்வித்தாளிலும் இருக்கும். கேள்வித்தாளில் பெயர், வயது, படிப்பு, சாதி, தொழில் எல்லாம் இருக்கும். எண் இல்லாவிட்டால் யார் எதற்குப் போட்டார்கள் என்று அட்டவணை போட முடியாது, அட்டவணை இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை. காலேஜுக்குப் போய் எண்ணைப் பொருத்திப் பார்த்ததும் பெயரைக் கிழித்து எறிந்துவிட வேண்டும், அதுவரைக்கும்தான் என்று என் வழிகாட்டி ஜெசிந்தா மேடம் சொல்லியிருக்கிறார். மேடத்துக்கு இரண்டே விதி. ஊருக்குள் பெட்டியைத் திறக்காதே. ஊருக்குள் முடிவைப் பற்றி வாயைத் திறக்காதே. முதல் விதியை நேற்று மத்தியானம் கடைசி வீடு முடிந்ததுமே மீறிவிட்டேன்.

ஊருக்கு வெளியே பம்ப்செட் ரூம் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, சும்மா ஒரு பார்வை என்று திறந்தேன். இருபத்துநாலும் குடையாக இருந்தால் என் ஆறாவது அத்தியாயம் செத்தது, அந்தப் பயம். அன்றைக்கு அதுதான் எனக்குப் பயம், பாருங்கள். இருபது குடை. நாலு தையல் மெஷின். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாலு என்று எண்ணி முடித்ததும் அந்த நிழலில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அத்தோடு மூடியிருக்கலாம். எண்ணைப் பொருத்தினேன். நாலு, ஒன்பது, பதினேழு, இருபத்திரண்டு. ஒரு லோடு ஆட்டோக்காரர், காது கேட்காத ஒரு பெரியவர், கனி டீச்சர், போன மாதம் கல்யாணமான ஒரு மாப்பிள்ளை. இப்போது மறக்கப் பார்க்கிறேன். ஒரு விஷயத்தை மறக்கப் பார்த்தால் அது உதடு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாலு, ஒன்பது, பதினேழு, இருபத்திரண்டு. குருவையா என் வாயைப் பார்க்கிறாரோ? நான் முணுமுணுக்கிறேனோ? தெரியாதவனிடம் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். பெட்டியை இந்த நிமிடம் கிணற்றில் போட்டாலும் எனக்குத் தெரியும்.

பதினேழு சண்முகக்கனி. வயது முப்பத்துமூன்று, பி.எஸ்சி., பி.எட். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போன ஜூனிலிருந்து தற்காலிக டீச்சர். புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். படுத்த படுக்கையாக அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். "நாலு சீவனும் இந்த ஒத்த வேலையிலதான் சார் ஓடுது" என்று இருபத்தாறாவது கேள்விக்கு, நான் கேட்காமலே, பதில் சொன்னாள். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வீட்டுச் சுவரில் வாய்ப்பாடு எழுதிய அட்டை தொங்கியது, ஏழாம் வாய்ப்பாடு முடிகிற வரைக்கும் டிக் போடும் சத்தம் கேட்கவில்லை. "இது யாருக்கும் தெரியாதுல்ல சார்?" மூன்று தடவை கேட்டாள். வாசலில் ஒரு தடவை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை. உள்ளே போட்டுவிட்டு, விரலைக் கீறலில் இருந்து எடுக்காமலே ஒரு தடவை. மூன்றாவது தடவை நான் பெட்டியைத் தட்டி, "கடவுளுக்கே தெரியாது டீச்சர்" என்றேன். அப்போதுதான் சிரித்தாள். "கடவுளும் இந்த ஊர்ல குடைக் கட்சிதான் சார்" என்றாள். நானும் சிரித்தேன். பின்பக்கத்தில் பதினேழு என்று எழுதிய பென்சில் என் சட்டைப் பையில் இருந்தது.

அடிப்பார்கள் என்று நான் பயப்படவில்லை. அடித்தால் போலீஸ் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, ஜெசிந்தா மேடம் இருக்கிறார். இந்த ஊரில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. டீக்கடைக்காரர் முதல் நாளே சிரித்துக்கொண்டே சொன்னார். போன தேர்தலில் இந்தப் பூத்தில் குடைக்கு விழாதது மூன்றே ஓட்டு. யார் அந்த மூன்று பேர் என்று ஆறு மாதம் பேசி, அதில் ஒருத்தன் ஐஸ் விற்கிற வேலாண்டி என்று ஊர் முடிவு கட்டியது. அவன் தெருக் குழாயில் தண்ணீர் நின்றது. அவன் வரிசையில் நின்றால் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும். கல்யாணப் பத்திரிகை அவன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும். பிள்ளைகள் அவனிடம் ஐஸ் வாங்கவில்லை. கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினான், குடைக்குத்தான் போட்டேன் என்று. எல்லாரும் சரி சரி என்று கேட்டுக்கொண்டார்களாம். அதற்கப்புறமும் தண்ணீர் வரவில்லை. குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டான். "அவன் குடைக்குத்தான் போட்டிருப்பான்னு இப்ப எனக்குத் தோணுது சார்" என்று டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். இதை நான் குறிப்பேட்டில் எழுதி, சமூக அழுத்தம் என்று பக்கத்தில் தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டேன்.

குருவையாவின் மனைவி மோர் கொண்டுவந்தார். சொம்பு பெரிய சொம்பு, ஒரு கையால் வாங்கினால் நழுவும், இடது கையால் வாங்கினால் மரியாதை இல்லை. பெட்டியை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். அந்த அம்மா பார்த்தார். குருவையாவும் பார்த்தார். "பெட்டிய வைங்க சார், யாரும் தின்னுற மாட்டோம்" என்று அவர் சொல்ல, அந்த அம்மா சிரிக்க, நானும் சிரித்து, மோர் புரைக்கேறி, இருமி, இருமும்போதுகூட முழங்காலைத் தளர்த்தவில்லை. அவர் வெள்ளைச் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. மெல்லிய துணி, உள்ளிருக்கும் சிவப்பு மை தெரிகிறது. அது என் தாள். முதல் நாள் காலையில் நானே கொடுத்த ஜெராக்ஸ், இருபத்துநாலு பெயரும் வரிசை எண்ணோடு. இவர் இல்லாவிட்டால் எந்த வீட்டையும் கண்டுபிடித்திருக்க முடியாது, பாதி ஊருக்கு ஒரே பெயர். ஒவ்வொரு வீடாக நான் முடித்து வரும்போது சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டார். நான் நன்றி சொன்னேன். பேர் மட்டும்தானே, பேரை வைத்து என்ன செய்வார் என்று நினைத்தேன். என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டு பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி முழங்காலுக்குள் இருக்கிறது, இன்னும் முப்பத்தைந்து நிமிடம் முழங்காலைச் சேர்த்து வைத்திருந்தால் போதும். எனக்கு என் முழங்காலில் நம்பிக்கை உண்டு. என் வாயில்தான் இல்லை. ஏழாவது படிக்கும்போது அக்காவைத் தேடி அப்பா கோபமாக வந்தார், "எங்கடா போனா?" என்றார். அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், யார் கேட்டாலும் லைப்ரரி என்று சொல். சொன்னேன். அப்பா சமாதானமாகித் திரும்பி உள்ளே போகப்போனார். அதோடு விட்டிருக்கலாம். அக்காவின் பேரை இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாம் என்று நினைத்து, "லைப்ரரி லீவா இருந்தாலும் வாசல்ல உக்காந்து படிப்பாப்பா" என்றேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, லைப்ரரிக்கு விடுமுறை. அப்பா சைக்கிளை எடுத்தார். அக்கா இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை, நிறுத்தத் தெரியாதவன்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார்."

வந்துவிட்டது. மூன்று வாக்கியங்களையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்தினேன். முழங்கால் அட்டையை அழுத்தி, அட்டை லேசாக மடங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கேளுங்க என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"இந்தச் சனநாயகம் சனநாயகம்னு மூணு நாளா சொல்றீகளே. அது நம்ம ஊர்ல நல்லா இருக்கா சார்? ஒங்க படிப்பு என்ன சொல்லுது?"

இதுதானா. இவ்வளவுதானா. உடம்பில் இறுக்கிக் கட்டியிருந்த கயிறு ஒன்று அவிழ்ந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, மனுஷன் ஜனநாயகத்தைப் பற்றிக் கேட்கிறார். ஐந்து வருடத்தில் என்னை இதை யாரும் கேட்டதில்லை, என் மாணவர்கள் கேட்டதில்லை, என் மனைவி கேட்டதில்லை. பயந்து பயந்து சாகக் கிடந்தவனுக்கு வகுப்பு எடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பெட்டியை, ஆமாம், மேஜைமேல் வைத்தேன், கையை ஆட்டிப் பேசுவதற்கு. "நூத்துக்கு நூறும் ஒரே சின்னத்துக்கு விழுந்தா அது ஆரோக்கியம் கிடையாதுங்க" என்றேன். "பயத்துல விழுற ஓட்டும் ஓட்டு மாதிரியேதான் இருக்கும், எண்ணும்போது வித்தியாசம் தெரியாது. ஒருத்தர் ரெண்டு பேராவது மாத்தி யோசிக்கணும். அதுதான் உயிர் இருக்குங்கிறதுக்கு அடையாளம்." அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அப்ப நம்ம ஊருக்கு உசுரு இருக்கா சார்?" என்றார், ஒரு நல்ல மாணவனின் குரலில். "இருக்குங்க. அதுதான் சந்தோஷமான விஷயம். குறிப்பா, படிச்ச பெண்கள் யாரு சொல்லையும் கேக்காம சொந்தமா முடிவு எடுக்கிறாங்க. என் ஆறாவது அத்தியாயமே அதுதான்."

ஃபேன் சுற்றுகிறது. படிச்ச பெண்கள். நான் என்ன சொன்னேன்? அத்தியாயத்தைச் சொன்னேன், பொதுவாகச் சொன்னேன், பெண்கள் என்று பன்மையில் சொன்னேன், அந்த ஒரு பன்மைதான் அவளுக்கு நான் விட்டுவைத்த மறைப்பு. இருபத்துநாலு பேரில் பெண்கள் பதினொரு பேர். கல்லூரி வாசல் மிதித்தவள் ஒருத்தி. என் அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரே ஓர் ஆள். ஒரே ஆள் இருக்கும் கட்டத்தை வெளியே சொல்லாதீர்கள், அது பெயரைச் சொல்வதற்குச் சமம் என்று வகுப்பில் வருடா வருடம் நானே சொல்லித் தருகிறேன், தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன், இரண்டு மதிப்பெண். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நுணல் கெட்டால் நுணலோடு போயிற்று. குருவையா சட்டைப் பையில் இருந்து தாளை எடுத்தார். அவசரம் இல்லாமல் பிரித்தார். விரலை வைத்து, உதட்டுக்குள்ளேயே வாசித்தார். "பேச்சி, கைநாட்டு. மாரித்தாய், அஞ்சாப்பு. ராக்கு, அதுவும் கைநாட்டு." விரல் இறங்குகிறது. இவருக்கு யார் எதுவரைக்கும் படித்தார்கள் என்று கேள்வித்தாளே தேவையில்லை, ஊரே மனப்பாடம். விரல் ஓர் இடத்தில் நின்றது. தாளை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கனி டீச்சர் நல்ல பொண்ணு சார்" என்றார். "அந்த வேலைக்கு பள்ளிக்கூடக் கமிட்டியில நாந்தான் சொல்லிவிட்டேன். வார ஜூன்ல மறுபடி போடணும்."

பேசாமல் இருந்தால் ஆமாம் என்று அர்த்தம். பேசினால்? ஏதாவது பேசு. அவள் விரல் கீறலில் இருந்து வராமல் நின்றது, யாருக்கும் தெரியாதுல்ல சார், நாலு சீவன், ஏழாம் வாய்ப்பாடு, தண்ணீர் நின்றுபோன குழாய், இதை இப்போதே மாற்றிவிடலாம், ஒரு பொய், ஒரே பொய், நல்ல பொய். எழுந்தே விட்டேன். "இல்லைங்க, அவங்க இல்ல, நீங்க தப்பா நெனைக்கிறீங்க, அவங்க குடைக்குத்தான் போட்டிருக்காங்க. சத்தியமா. நானே சீட்டைப் பிரிச்சுப் பார்த்தேன்."

செய்தித்தாள் முதுகில் பாதியில் நின்றது. குருவையா என்னைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெட்டியை நேராகப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, சந்தோஷம்கூட இல்லை, ஒரு மரியாதை இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"பாத்தீகளா?" என்றார். "யாரு போட்டது யாருக்கும் தெரியாதுன்னுல்ல சார் நெனச்சுக்கிட்டிருந்தேன். அன்னைக்குக் காலையில எங்கிட்டயே அப்படித்தான சொன்னீக." கொஞ்சம் யோசித்தார். "சரி. கனி டீச்சர் இல்ல. ஒங்க வாக்க நம்புறேன். அப்ப வேற யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டே கால். பெட்டியை எடுத்துக்கொண்டேன், பையை எடுத்துக்கொண்டேன். அவர் வழியை மறிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்னால் வாசலுக்குப் போய், கையை உயர்த்தி, டிரைவரைப் பார்த்து, "நீ போப்பா, சார் சாப்பிட்டுட்டு வருவாரு" என்றார். டிரைவர் தலையை ஆட்டினான். நான் கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம், இருபது அடிதான். பஸ் நகர்ந்தது, சத்தம் தேய்ந்தது, வெயில் மட்டும் நின்றது. உள்ளே திரும்பி, "சாருக்கு எலையப் போடு" என்று குரல் கொடுத்துவிட்டு, நாற்காலியை எனக்காக ஃபேனுக்கு நேராகத் திருப்பி வைத்தார். "அஞ்சு மணிக்கு ஒரு பஸ் இருக்கு சார். உக்காருங்க."

உட்கார்ந்தேன். சொல்லமாட்டேன். யார் பெயரையும் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாவிட்டால் அவர் மறுபடியும் அந்த ஒரே கட்டத்துக்குத்தான் போவார், பட்டப்படிப்பு, பெண், ஒருத்தி. அவள் இல்லை என்றால் யாராவது இருந்தாக வேண்டும். ஆட்டோக்காரருக்குத் தவணை இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான். பெரியவருக்கு எண்பது வயது, காது கேட்காது, ஊர் அவரோடு பேசாவிட்டால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது, இழப்பதற்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. முதியோர் பென்ஷன் வாங்குகிறாரா என்று ஒரு கேள்வி உண்டு, முப்பத்தொன்றாவது கேள்வி. அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்று நினைவில்லை. கேள்வித்தாளைப் பார்ப்பதற்காகப் பையின் ஜிப்பைத் திறந்தேன்.